சாவி மாறினால் யூசரிடம் என்ன சொல்வது? அந்தரங்க ஆப்களின் எச்சரிக்கை வாசகங்கள்

#1 இளங்கீற்று

வணக்கம் நண்பர்களே. முனைக்கு முனை மறையாக்கம் செய்யும் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும்) ஒரு மெசேஜிங் ஆப்புக்கு (ஓப்பன் சோர்ஸ், ஐபி முகவரியை மறைக்கும் டோர் நெட்வொர்க் வழியாகவும் ஓடும்) எச்சரிக்கை வாசகங்களைத் திருத்தும் வேலை நடக்கிறது. சாவி என்பது ஒவ்வொருவரின் ஆப்பும் வைத்திருக்கும் மறையாக்க எண். இப்போது இருப்பவை இவை:

1. "எச்சரிக்கை! தொடர்பாளரின் அடையாளச் சாவி மாறியுள்ளது. இது இடைமறிப்புத் தாக்குதலாக இருக்கலாம். தொடர வேண்டுமா?" [சரி] [ரத்து]

2. "டோர் இணைப்பு துண்டிக்கப்பட்டது. நேரடி இணைப்பில் தொடரலாமா?" [ஆம்] [இல்லை]

3. "இந்தக் கோப்பு பாதுகாப்பற்றதாக இருக்கலாம். திறக்கவா?" [சரி] [ரத்து]

மூன்றும் ஒரே சிவப்புப் பெட்டியில் வருகின்றன. படிக்காமலேயே "சரி" அழுத்துகிறார்கள். வாசகத்தை எப்படி மாற்றலாம்? எந்தப் பட்டனைப் பெரிதாகக் காட்டலாம்?

#2 மறைசாவி

வாசகம் அப்புறம். இதை யூசரிடம் கேட்டே ஆக வேண்டுமா என்று முதலில் பாருங்கள். ஆப்பே முடிவெடுக்கக்கூடிய விஷயத்தைக் கேள்வியாக மாற்றி யூசர் தலையில் கட்டுவதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

இரண்டாவது பெட்டியை முழுசாக எடுத்துவிடுங்கள். டோரைப் போட்டு வைத்தவர் தன் ஐபி முகவரி வெளியே தெரியக் கூடாது என்றுதான் போட்டிருக்கிறார். ஒரே ஒரு பாக்கெட் நேரடியாகப் போனாலும் முகவரி எதிர்முனைச் சர்வரின் லாகில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு டோர் திரும்ப வந்து என்ன பயன்? திருப்பி எடுக்க முடியாத தீங்கை ஆம்/இல்லை பெட்டிக்குள் வைக்கவே கூடாது. இணைப்பு அறுந்தால் ஆப் எதையும் அனுப்பாமல் நிற்கட்டும். மேலே ஒரு வரி போதும்: "டோர் இணைப்பு இல்லை. செய்திகள் போனிலேயே காத்திருக்கின்றன. மீண்டும் முயல்கிறது." நேரடி இணைப்புதான் வேண்டும் என்பவர் செட்டிங்ஸுக்குப் போய் டோரை அணைத்துக்கொள்ளட்டும். அங்கே போய் அணைப்பவர் யோசித்துத்தான் அணைப்பார்.

டோர் பிரௌசரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. முன்பெல்லாம் விண்டோவைப் பெரிதாக்கினால், "திரையின் அளவை வைத்து உங்களைப் பின்தொடர முடியும், பெரிதாக்காமல் விடுங்கள்" என்ற பொருளில் ஒரு பட்டை வரும். 2019-ல் 9.0 பதிப்பில் லெட்டர்பாக்ஸிங் வந்தது. விண்டோ எந்த அளவில் இருந்தாலும் பக்கத்தைச் சுற்றி வெற்று ஓரம் விட்டு, தளத்துக்குத் தெரியும் அளவைக் குறிப்பிட்ட சில அளவுகளுக்குள் அடக்கிவிடுகிறார்கள். எச்சரிக்க வேண்டிய காரணமே போய்விட்டது.

எதிர்த் திசையில் ஒன்று, 2018 மே மாதம் வெளியான ஈஃபெயில் என்ற மெயில் மறையாக்கக் குறைபாடு. முழுமைச் சோதனைக் குறி (வழியில் யாரும் திருத்தவில்லை என்று காட்டுவது) இல்லாத பழைய வகைச் செய்தியைப் பிரிக்கும்போது ஜிஎன்யுபிஜி என்ற மறையாக்க மென்பொருள் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, பிரித்த உரையையும் சேர்த்தே கொடுத்துவிடும். மெயில் மென்பொருள்கள் சில எச்சரிக்கையை விட்டுவிட்டு உரையை மட்டும் எடுத்துக் காட்டின. தாக்குபவர் திருத்திச் சொருகிய எச்டிஎம்எல் வழியாக ரகசியம் வெளியே போக அதுவே வழியானது. அடுத்த மாதம் வந்த ஜிஎன்யுபிஜி 2.2.8-ல் அதை எச்சரிக்கையிலிருந்து பிழையாக மாற்றினார்கள். அப்படிப்பட்ட செய்தி இனித் திறக்காது. உங்கள் லைப்ரரிகள் கொடுக்கும் எச்சரிக்கைகளையும் ஒருமுறை தேடிப் பாருங்கள், வழியில் எங்காவது விழுங்கப்படுகிறதா என்று.

#3 திரைச்சீலை

இரண்டாவதை எடுக்கச் சொன்னது சரி. முதலாவதை எடுக்க முடியாது, அதனால் அதைப் பார்ப்போம்.

"இடைமறிப்புத் தாக்குதல்" பலருக்குப் புரியாது. புரிந்தவருக்கும் அடுத்து என்ன செய்வது என்று அந்த வாசகம் சொல்லவில்லை. சிக்னல் மெசேஜிங் ஆப்பில் 2016 முதல் இருக்கும் பாதுகாப்பு எண்ணைப் பாருங்கள்: ஒவ்வொருவர் சாவிக்கும் 30 இலக்கம், இரண்டையும் ஒட்டி 60 இலக்கம், ஐந்தைந்தாக 12 தொகுதி. இருவர் திரையிலும் ஒரே எண் தெரிய வேண்டும். அது மாறுவதற்கு வழக்கமான காரணம் புதுப் போன், அல்லது ஆப்பை அழித்து மறுபடி நிறுவியது. தாக்குதல் அபூர்வம். ஆனால் ஆப்பின் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துச் சொல்லக்கூடியவர் யூசர் மட்டுமே. அதனால்தான் இங்கே கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கக் கூடாது. எண்ணை முன்பு ஒப்பிட்டே பார்க்காத தொடர்பு என்றால், உரையாடலுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வரி போதும், அனுப்புவதைத் தடுக்க வேண்டாம். பழைய எண் சரியானதுதான் என்பதற்கே அவரிடம் ஆதாரம் கிடையாதே. நேரில் ஒப்பிட்டு "சரிபார்த்தது" என்று குறித்து வைத்த தொடர்பு என்றால் தடுத்தே ஆக வேண்டும். அதற்கு இப்படி (மலர் என்பது எடுத்துக்காட்டுப் பெயர்):

"மலரின் பாதுகாப்பு எண் மாறிவிட்டது
நீங்கள் சரிபார்த்த எண் இப்போது செல்லாது. மலர் போனை மாற்றியிருக்கலாம், ஆப்பை மறுபடி நிறுவியிருக்கலாம். வேறொருவர் மலரின் பெயரில் உங்கள் செய்திகளைப் படிக்கவும் வாய்ப்பு உண்டு.
நேரில் பார்த்தோ போனில் பேசியோ புதிய எண்ணை ஒப்பிடுங்கள். இந்த உரையாடலிலேயே கேட்க வேண்டாம்."
[எண்ணை ஒப்பிடு] [இப்போது அனுப்ப வேண்டாம்]
கீழே, பட்டனாக இல்லாமல் வெறும் எழுத்தாக: ஒப்பிடாமலே அனுப்பு

கடைசி வாக்கியத்தை யாராவது "நீளமாக இருக்கிறது" என்று வெட்ட வருவார்கள். விடாதீர்கள். எண் மாறியதைப் பார்த்ததும் எல்லாரும் செய்யும் முதல் வேலை அதே சாட்டில் "போன் மாத்திட்டியா?" என்று கேட்பதுதான். நடுவில் யாராவது இருந்தால் "ஆமாம்" என்று பதில் சொல்லப்போவது அவர்தான்.

தட்டச்சு செய்த செய்தி வரைவாக அப்படியே இருக்க வேண்டும். "இப்போது அனுப்ப வேண்டாம்" அழுத்தினால் எழுதியது காணாமல் போகும் என்றால் அடுத்த முறை யாரும் அதை அழுத்தமாட்டார்கள். இன்னொன்று, ஏற்கெனவே அனுப்பி, எதிர்முனைக்குப் போய்ச் சேராமல் நிற்கும் செய்திகள். 2017 ஜனவரியில் வாட்ஸ்அப்பைச் சுற்றி எழுந்த விவாதம் இதைப் பற்றியதுதான். சாவி மாறியதும் நிலுவைச் செய்திகள் புதுச் சாவியில் தானாகவே மறுபடி அனுப்பப்பட்டன. அறிவிப்பு அதற்குப் பிறகுதான், அதுவும் செட்டிங்கில் போட்டு வைத்தவருக்கு மட்டும். கார்டியன் நாளிதழ் அதைப் "பின்வாசல்" என்று எழுத, மறையாக்க வல்லுநர்கள் பலர் எதிர்த்தார்கள். பிறகு அந்தச் செய்தி திருத்தப்பட்டது. செய்தி தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக எடுத்த முடிவு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் சரிபார்த்த தொடர்புக்கு நிலுவைச் செய்தியையும் நிறுத்தி வையுங்கள். எண்ணை ஒப்பிடும் அளவுக்கு மெனக்கெட்டவர் அதைத்தான் எதிர்பார்ப்பார்.

#4 பிழைதிருத்தி

சாம்பல் வரியை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தரங்க ஆப்பை நாடி வருபவர்களில் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்களும் உண்டு. எண் மாறினால் எல்லாருக்கும் தடுப்பதே பாதுகாப்பு.

#5 திரைச்சீலை

கவலை நியாயமானது. ஆனால் எல்லாவற்றையும் தடுத்தால் உங்கள் தடுப்பே மதிப்பிழந்துவிடும்.

2013-ல் ஆய்வாளர்கள் அகாவே, ஃபெல்ட் இருவரும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் காட்டப்பட்ட 2.5 கோடிக்கு மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்தார்கள். சான்றிதழ் எச்சரிக்கையை (தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழில் சிக்கல் என்பதை) மீறிப் போனது குரோமில் 70.2%, ஃபயர்ஃபாக்ஸில் 33%. மால்வேர், ஃபிஷிங் எச்சரிக்கைகளை மீறியது கால் பங்குக்கும் குறைவு. "யூசர் எதையும் படிக்க மாட்டார்" என்ற பேச்சு உண்மையானால் எல்லா இடத்திலும் ஒரே எண்ணிக்கை வந்திருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் ஒருமுறை கொடுத்த விலக்கை நினைவில் வைத்துக்கொள்ளும், திரும்பத் திரும்பக் கேட்காது. வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

பழகிப்போவது வெறும் சோம்பல் இல்லை. 2015-ல் மூளை ஸ்கேன் வைத்து நடத்திய ஆய்வில், அதே எச்சரிக்கையை இரண்டாம் முறை பார்க்கும்போதே பார்வை சார்ந்த மூளைப் பகுதிகளின் செயல்பாடு பெரிய அளவில் குறைந்தது. தோற்றம் மாறிக்கொண்டே வந்த எச்சரிக்கைகளுக்கு அந்தக் குறைவு அவ்வளவாக இல்லை. இளங்கீற்றின் மூன்று பெட்டிகளும் ஒரே சிவப்பு, ஒரே அளவு, ஒரே [சரி]. தினமும் கோப்பு திறக்கும்போது அந்தப் பெட்டியில் "சரி" அழுத்திப் பழகிய விரல், சாவி மாறும் நாளிலும் அங்கேயேதான் போகும்.

பட்டன் அமைப்புக்கும் பலன் உண்டு. குரோம் குழு 2014 வாக்கில் சான்றிதழ் எச்சரிக்கையை மாற்றியபோது, பாதுகாப்பான பட்டனை நிறமிட்டுப் பெரிதாக்கி, மீறும் வழியை "மேம்பட்டவை" என்பதற்குள் தள்ளினார்கள். பாதுகாப்பான பக்கம் நின்றவர்கள் ஏறத்தாழ 30% கூடினார்கள். ஆனால் எச்சரிக்கை என்ன சொல்கிறது என்ற புரிதல் மட்டும் எதிர்பார்த்த அளவு கூடவில்லை. அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். ஆக, பட்டன் அமைப்பு ஒரு வேலை, வாசகம் வேறொரு வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றது தானாக வரும் என்று இருக்கக் கூடாது.

ஆபத்தில் இருப்பவர்களுக்காக ஒரு செட்டிங் வையுங்கள்: "எந்தத் தொடர்பின் எண் மாறினாலும் அனுப்புவதை நிறுத்து." இயல்பாக அணைந்தே இருக்கட்டும்.

#6 நிரலோடை

எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி) எச்சரிக்கையையும் பாருங்கள், எல்லா டெவலப்பரும் அறிந்தது. ஹோஸ்ட் சாவி, அதாவது அந்தச் சர்வரின் அடையாளச் சாவி, மாறினால் பெரிய எழுத்தில் மிரட்டும், இணைப்பையும் நிறுத்திவிடும். அதுவரை நல்லது. பழைய சாவி எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று காட்டும், நீக்கும் கட்டளையைக்கூடச் சில லினக்ஸ் விநியோகங்கள் தயாராகக் கொடுக்கும். புதுச் சாவியை எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது, நிர்வாகியைக் கேள் என்பதோடு நின்றுவிடும். 2023 மார்ச்சில் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் சாவி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டதால் அதை மாற்றியது. அந்தச் சாவியை நம்பியிருந்தவர்கள் திரையில் அதே மிரட்டல். புதுச் சாவியின் கைரேகையை (ஒப்பிட உதவும் சுருக்கக் குறியை) தங்கள் தளத்தில் வெளியிட்டிருந்தார்கள், ஆனால் எச்சரிக்கைக்கும் அந்தப் பக்கத்துக்கும் தொடர்பில்லை. பழைய வரியை நீக்கிவிட்டு, ஒப்பிடாமலேயே புதுச் சாவியை ஏற்பதுதான் எளிதான வழி.

எனவே எச்சரிக்கையிலிருந்து சரிபார்க்கும் திரைக்கு ஒரே தட்டலில் போக முடிய வேண்டும். ஆப்பின் சொந்தச் சர்வர் சாவியைத் திட்டமிட்டு மாற்றும்போது புதுச் சாவியைப் பழைய சாவியால் கையொப்பமிட்டு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழைய சாவி திருடுபோன நிலையில் மட்டும் இது உதவாது.

பொய் அலாரத்துக்கு இன்னொரு பெரிய காரணம் போன் கடிகாரம். பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போய்விட்டால் எல்லாச் சான்றிதழும் "இன்னும் நடப்புக்கு வராதது" ஆகிவிடும். டோரும் கடிகாரம் அதிகம் பிசகினால் இணையாது. அங்கே தாக்குதல் பற்றிப் பேசுவது யூசரை வீணாகப் பயமுறுத்தும். ஆப்பின் பில்ட் தேதியைவிடச் சிஸ்டம் தேதி பழையது என்றால் கடிகாரம் தவறு என்பது நிச்சயம். அந்த ஒரு ஒப்பீட்டை எழுதி, தனித் திரை காட்டுங்கள்: "உங்கள் போனில் தேதி 2016 ஜனவரி 3 என்று இருக்கிறது. சரிசெய்தால் இணைப்பு வரும்." [தேதியைச் சரிசெய்]. கடிகாரம் முன்னால் ஓடினால் இந்த ஒப்பீடு பிடிக்காது. அதற்கு டோரின் கண்ட்ரோல் போர்ட் அனுப்பும் கிளாக் ஸ்கியூ (கடிகாரப் பிசகு) நிகழ்வைக் கவனியுங்கள்.

#7 செவிவழி

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சுத்தச் சிவப்பின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் வேறுபாட்டு விகிதம் 4:1-ஐ ஒட்டித்தான் வரும். டபிள்யூசிஏஜி அணுகல்தன்மை நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5:1. சிவப்பை இன்னும் அடர்த்தியாக்குங்கள். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்காக ஐகானின் வடிவமும் மாற வேண்டும்: தடுப்பதற்கு ஒரு வடிவம், தகவலுக்கு வேறு வடிவம்.

பெட்டி திறந்ததும் ஃபோகஸ் (என்டர் அழுத்தினால் இயங்கும் இடம்) ஆபத்தான தேர்வில் விழவே கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பெட்டி வந்தால், ஏற்கெனவே அழுத்தத் தொடங்கிய என்டர் அதற்குள் விழுந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி நிறுவும் பெட்டியில் பட்டன் முதல் ஒரு வினாடி செயல்படாமல் இருப்பது இதற்காகத்தான். அதையே நீங்களும் செய்யலாம்.

60 இலக்கத்தை ஸ்கிரீன் ரீடர் (பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) எப்படி வாசிக்கிறது என்று கேட்டுப் பார்த்தீர்களா? "48213" என்று வெறுமனே வைத்தால் "நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று" என்று வாசிக்கும். 12 தொகுதிக்கும் அப்படியே வாசித்தால் போனில் ஒருவரோடு ஒப்பிடவே முடியாது. வாசிப்பு லேபிளில் இலக்கங்களுக்கு இடையே இடைவெளி விட்டு "4 8 2 1 3" என்று கொடுங்கள். ஒவ்வொரு தொகுதியும் தனி உறுப்பாக, "12-ல் 3-ஆம் தொகுதி" என்ற முன்னொட்டோடு இருந்தால் நடுவில் தடுமாறினாலும் அதே இடத்துக்குத் திரும்பலாம். எண்ணை ஒப்பிட க்யூஆர் ஸ்கேன் மட்டும்தான் வழி என்று வைத்துவிடாதீர்கள்.

#8 இளங்கீற்று

அருமை. கோப்பு எச்சரிக்கைக்கு என்ன செய்யலாம்? பிறகு, ஆப் மூடியிருக்கும்போது சாவி மாறினால் நோட்டிபிகேஷனில் என்ன எழுதுவது?

#9 மறைசாவி

கோப்பு: "பாதுகாப்பற்றதாக இருக்கலாம்" என்று எல்லாக் கோப்புக்கும் வந்தால் அது எதையும் சொல்லவில்லை என்றே அர்த்தம். உங்கள் ஆப்பில் உண்மையான ஆபத்து என்ன? கோப்பை வேறொரு ஆப் திறக்கும், அந்த ஆப்புக்கு டோர் தெரியாது. வேர்ட் ஆவணத்துக்குள் வெளிச் சர்வரிலிருந்து எடுக்கும் ஒரு படம் இருந்தால் போதும், திறந்த நொடியில் ஐபி முகவரி அந்தச் சர்வருக்குப் போய்விடும். ஆகவே படம், எளிய உரை, பிடிஎஃப் மூன்றையும் ஆப்புக்குள்ளேயே, நெட்வொர்க் அனுமதி இல்லாத தனி ப்ராசஸில் காட்டுங்கள் (ஆண்ட்ராய்டில் ஐசொலேட்டட் ப்ராசஸ்). அவற்றுக்கு எச்சரிக்கை வேண்டாம். மற்றவற்றை வெளியே கொடுக்கும்போது மட்டும்: "இந்த ஆவணத்தை வேறு ஆப் திறக்கும். அது டோர் வழியாகப் போகாது. கோப்பை அனுப்பியவருக்கு உங்கள் ஐபி முகவரி தெரிய வாய்ப்பு உண்டு." [சேமித்து வை] [வேறு ஆப்பில் திற]. கணினிப் பதிப்பில் டேஞ்சர்ஸோன் என்ற கருவியின் வழியைப் பரிந்துரைக்கலாம். ஆவணத்தைத் தனிக் கண்டெய்னரில் பக்கம் பக்கமாகப் பிக்சல்களாக்கி, அதிலிருந்து புது பிடிஎஃப் செய்து தரும்.

நோட்டிபிகேஷன்: அந்தரங்க ஆப்பில் எச்சரிக்கையே கசிவாகக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. பூட்டுத் திரையில் "மலரின் பாதுகாப்பு எண் மாறிவிட்டது" என்று வந்தால், மலரோடு ரகசியமாகப் பேசுகிறார் என்பது மேசையில் கிடக்கும் போனைப் பார்க்கும் எவருக்கும் தெரியும். பூட்டுத் திரைக்கு "ஆப்பைத் திறந்து பாருங்கள்" மட்டும். பெயர் திறந்த பிறகு. பிழை லாகிலும் பெயர், எண் வேண்டாம். ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிபிகேஷனுக்கு அனுமதி கேட்க வேண்டும், பலர் மறுத்திருப்பார்கள். அதனால் முக்கியமான எச்சரிக்கை உரையாடலைத் திறக்கும்போதும் கட்டாயம் தெரிய வேண்டும்.

#10 நிரலோடை

இதோடு ஒட்டிய விஷயம். வேறு மென்பொருளின் எச்சரிக்கை உங்கள் யூசரைக் கெடுப்பதும் உண்டு. டிஸ்க்கை மறையாக்கும் மென்பொருளான வெராகிரிப்ட்டால் முழுப் பார்ட்டிஷனை மறையாக்கினால் விண்டோஸுக்கு அது என்னவென்று தெரியாது. செருகியதும் "ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று கேட்கும். ஒப்புக்கொண்டால் தொடக்கத்தில் உள்ள ஹெடர் (திறக்கத் தேவையான தகவல்) அழியும். கடைசியில் காப்பு ஹெடர் ஒன்று இருப்பதால் சில நேரம் மீட்கலாம், உள்ளே எழுதப்பட்ட பகுதி போனது போனதுதான். அந்தப் பெட்டியை நிறுத்துவது வெராகிரிப்ட் கையில் இல்லை. ஆனால் உருவாக்கி முடிக்கும் திரையிலேயே "விண்டோஸ் இப்படிக் கேட்கும், ரத்து செய்யுங்கள்" என்று சொல்லலாம், டிரைவ் எழுத்தை நீக்கவும் வழிகாட்டலாம். சில எச்சரிக்கைகளை ஆபத்து வருவதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும்.

#11 பிழைதிருத்தி

செட்டிங் யோசனை எனக்குச் சம்மதம். சோதிப்பது பற்றிச் சொல்கிறேன். அந்தரங்க ஆப் என்பதால் யார் எந்தப் பட்டனை அழுத்தினார் என்று டெலிமெட்ரி எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆக, ஆட்களை உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1999-ல் ஆய்வாளர்கள் விட்டன், டைகர் இருவரும் மெயிலை மறையாக்கும் பிஜிபி 5.0 மென்பொருளைச் சோதித்தது 12 பேரோடு, ஆளுக்கு 90 நிமிடம். கையொப்பமிட்டு மறையாக்கி மெயில் அனுப்ப மூன்றில் ஒரு பங்கினரால்தான் முடிந்தது, மூன்று பேர் ரகசியத்தை மறையாக்காமலே அனுப்பிவிட்டார்கள். சின்னக் குழுதான், ஆனால் இடைமுகத்தின் கோளாறு அப்பட்டமாகத் தெரிந்தது.

டீபக் பில்டில் (டெவலப்பர்களுக்கான சோதனைப் பதிப்பில்) ஒரு மறைவான சுவிட்ச் வைத்து, சோதனைத் தொடர்பின் சாவியை வேண்டிய நேரத்தில் மாற்றுங்கள். "பாதுகாப்பைச் சோதிக்கிறோம்" என்று சொல்லிவிட்டால் எல்லாரும் விழிப்பாகிவிடுவார்கள். "இந்த முகவரியை மலருக்கு அனுப்புங்கள்" என்று ஒரு வேலையைக் கொடுங்கள். எழுதி முடிக்கும் தறுவாயில் சாவி மாறட்டும். என்ன செய்கிறார் என்று பாருங்கள், குறுக்கே பேசாதீர்கள். முடிந்ததும் திரையை மூடிவிட்டு, என்ன நடந்தது, அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பட்டனைச் சரியாக அழுத்திவிட்டு இரண்டாவது கேள்விக்கு "ஆப் கெட்டுப்போச்சு" என்று சொன்னால் வாசகம் தோற்றது. கடைசியில் உண்மையைச் சொல்லி, பதிவு செய்ததை அழிக்கும் உரிமையும் கொடுங்கள். ஐந்தாறு பேர் முடிந்ததும் வாசகத்தைத் திருத்தி, புது ஆட்களோடு மறுபடி.

#12 இளங்கீற்று

இரண்டாவது பெட்டி நீங்கிவிட்டது. கோப்புக்கு மறைசாவியின் வாசகம், சாவிக்குத் திரைச்சீலையின் வாசகம். சரிபார்க்காத தொடர்புகளுக்கு உரையாடலின் மேல்பட்டையில் ஒரு வரி நிரந்தரமாக வைக்கிறோம்: "மலரின் பாதுகாப்பு எண் இன்னும் சரிபார்க்கப்படவில்லை". இது போதுமா?

#13 செவிவழி

சின்னத் திரையில் எழுத்தளவை 200% ஆக்கிப் பாருங்கள். பட்டை ஒரே வரி என்றால் "மலரின் பாதுகாப்பு எண் இன்னும் சரிபார்க்கப்ப…" என்று வெட்டுப்படும். "இல்லை" கடைசியில் இருப்பதால் முதலில் போவது அதுதான். மீதியைப் பார்ப்பவர் சரிபார்த்தாகிவிட்டது என்றே நினைக்கலாம். மறுப்பை முன்னால் கொண்டு வாருங்கள்: "சரிபார்க்காத எண்: மலர்". வெட்டுப்பட்டாலும் பெயரின் வால்தான் போகும். பட்டையின் உயரத்தையும் நிலையாக வைக்காதீர்கள், இரண்டு வரிக்கு விரிய வேண்டும். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த வரி உயரத்தில் "கி", "ணீ" போன்றவற்றின் மேல்கொக்கி வெட்டுப்படுகிறதா என்று ஒவ்வொரு திரையிலும் பார்த்துவிடுங்கள்.